பி7ஐ விட்டு நகராத பிஷப்: அரோனியன் – ஆனந்த், வைக் ஆன் ஜீ 2013

ஜனவரி 2013. நெதர்லாந்தின் கடலோர ஊரான வைக் ஆன் ஜீயில் டாடா ஸ்டீல் போட்டியின் நான்காவது சுற்று. வெள்ளைக் காய்கள் ஆர்மீனியாவின் லெவோன் அரோனியனுக்கு, கறுப்பு அப்போதைய உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்துக்கு. அரோனியன் அன்றைக்கு உலகத் தரவரிசையில் 2800 புள்ளிகளைத் தாண்டி நின்ற மிகச் சிலரில் ஒருவர். அவரை, அதுவும் கறுப்புக் காய்களோடு, ஆனந்த் 23 நகர்வுகளில் முடித்தார்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் பதினாறாவது நகர்வைத்தான் சொல்வார்கள். ஒரே நேரத்தில் நான்கு கறுப்புக் காய்கள் வெட்டுக்கு நிற்கும் நிலை அது, படம் பிடித்து மாட்டலாம். என் கணக்கு வேறு. ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது பத்தாவது நகர்வில் பி7க்குப் போன பிஷப்தான். போன பிறகு அது ஒரு கட்டம்கூட நகரவில்லை, எதையும் வெட்டவில்லை. ஆனால் கறுப்பு மிரட்டிய மேட்களில் பாதிக்கு மேல் அதன் தயவில் நடப்பவை. அந்த பிஷப் எப்படி உயிர் பெற்றது என்று பார்த்தால் இந்த ஓப்பனிங் (ஆட்டத்தைத் தொடங்கும் முறை) என்ன நினைக்கிறது என்பதும் பிடிபட்டுவிடும்.

(கட்டங்களைப் படிக்க: வெள்ளையின் இடக்கையிலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று வரிசைகள். எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து ஏறும். காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய். x என்றால் வெட்டு, எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி என்றால் கறுப்பின் நகர்வு. ‘குதிரை பிடி7’ என்றால் பி வரிசையிலிருக்கும் குதிரை டி7க்கு.)

முதல் ஐந்து நகர்வுகள் இப்படி: 1. டி4 டி5 2. சி4 சி6 3. குதிரை எஃப்3, குதிரை எஃப்6 4. குதிரை சி3, இ6 5. இ3, குதிரை பிடி7. இதுதான் செமி-ஸ்லாவ். கறுப்பு இ6, டி5, சி6 என்று ஒரு முக்கோணம் போட்டுக்கொள்கிறது. உடைக்கக் கஷ்டமான அமைப்பு. அதற்குக் கொடுக்கும் விலை, சி8இல் இருக்கும் பிஷப். முன்னால் இ6 சிப்பாய் வழியை அடைத்து நிற்கிறது, பி7க்குப் போனாலும் சி6 சிப்பாய் கண்ணை மறைக்கிறது. செமி-ஸ்லாவ் ஆடுபவர் எவரும் முதல் பத்து நகர்வுகளில் மனசுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த பிஷப்பை எப்போது, எப்படி வெளியே விடுவது?

செமி-ஸ்லாவின் ஒரு கிளையான மெரான் அதற்கு ஒரு பதில். 6. பிஷப் டி3 என்று வெள்ளை ஆடும்வரை கறுப்பு பொறுமையாகக் காத்திருக்கிறது. பிஷப் நகர்ந்த மறுநொடி 6... டிxசி4. பிஷப் மறுபடி நகர்ந்து 7. பிஷப் xசி4 என்று வெட்டியாக வேண்டும். உடனே 7... பி5, மூன்றாவது முறையும் பிஷப் எழுந்து ஓட வேண்டியதுதான்: 8. பிஷப் டி3. வெள்ளையின் ஒரே காய் மூன்று முறை நகர்ந்து, முதலில் போய் நின்ற டி3க்கே திரும்பி வந்திருக்கிறது. கறுப்புக்கு அதற்குள் ராணிப் பக்கத்தில் இடம் கிடைத்தாயிற்று, பி7 கட்டமும் காலி. மையத்தில் இருந்த டி5 சிப்பாய் போய்விட்டதால் இனி சி6 சிப்பாய் சி5க்கு நகர்ந்தால் போதும், பி7இலிருந்து ஜி2 நோக்கிப் போகும் மூலைவிட்டத்தில் கறுப்பின் தடை நீங்கிவிடும்.

மெரான் என்பது இத்தாலியின் வடக்கே உள்ள ஊர். 1924இல் அங்கே நடந்த போட்டியில் அகிபா ரூபின்ஸ்டீன் கறுப்புக் காய்களோடு எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்டுக்கு எதிராக இந்த முறையை ஆடி ஜெயித்தார், ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரூபின்ஸ்டீன் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருவார்.

எட்டாவது நகர்வில் கறுப்புக்குப் பல வழிகள். ரூபின்ஸ்டீன் ஏ6 ஆடினார். ஆனந்த் 8... பிஷப் டி6 ஆடினார். பிறகு 9. காஸ்லிங் (ராஜாவை யானையோடு ஓரத்துக்கு ஒதுக்கும் நகர்வு), காஸ்லிங் 10. ராணி சி2, பிஷப் பி7 11. ஏ3, யானை சி8. கடைசி இரண்டு கறுப்பு நகர்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். பிஷப்புக்கு முன்னாலும் யானைக்கு முன்னாலும் நிற்பது ஒரே சிப்பாய், சி6. அது நகர்ந்த நொடியில் பிஷப்பின் மூலைவிட்டம் திறக்கிறது, அது டி4இல் வெட்டிய நொடியில் சி வரிசையும் திறக்கிறது. அந்த வரிசையில் வெள்ளையின் குதிரை சி3இலும் ராணி சி2இலும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஆட்டத்தின் மீதி எல்லாம் இந்த ஒரு சிப்பாயின் கதைதான்.

12. குதிரை ஜி5.

எச்7ஐ மூன்று காய்கள் குறிவைக்கின்றன: ஜி5 குதிரை, டி3 பிஷப், அதன் பின்னால் சி2 ராணி. காப்பவை இரண்டு, எஃப்6 குதிரையும் ராஜாவும். சாதாரண கிளப் ஆட்டக்காரர் கை தானாக எச்6க்கோ ஜி6க்கோ போகும். டி6 பிஷப்பால் எச்2ஐ வெட்டி, ராஜா எடுத்ததும் ஜி4இல் குதிரையால் செக் கொடுத்து, ராணியால் ஜி5 குதிரையை எடுத்துக் காயை மீட்கும் வழியும் இருக்கிறது. ஆனந்த் எச்7ஐத் திரும்பியே பார்க்கவில்லை.

12... சி5. ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் போனால் போகட்டும், பிஷப் வெளியே வரட்டும் என்கிற நகர்வு. இதன் பிறகு நடந்ததெல்லாம் கணக்கு. இது மட்டும்தான் எனக்கு முடிவாகத் தெரிகிறது.

13. குதிரை xஎச்7. வெள்ளையின் கணக்கும் எளிமையானதுதான். எஃப்6 குதிரை எச்7இல் வெட்டினால் பிஷப் செக்கோடு அங்கே வெட்டும், பிறகு பத்திரமாகப் பின்வாங்கும், ஒரு சிப்பாய் லாபம். யானையை மட்டும் நகர்த்தினால் குதிரை எஃப்6இல் செக்கோடு வெட்டும், அப்போதும் சிப்பாய் லாபம்தான். பிஷப்பால் எச்7இல் வெட்டும் வழியும் இருந்தது. ஆனால் அப்போதும் சி வரிசை திறக்கும் ஆபத்து அப்படியே நிற்கிறது, டி3இல் இருந்த பிஷப் மட்டும் இடம் மாறியிருக்கும்.

13... குதிரை ஜி4! எச்7 குதிரையும் வேண்டாம், அது வெட்டப்போகும் எஃப்8 யானையைப் பற்றியும் கவலை இல்லை. டி6 பிஷப்பும் ஜி4 குதிரையும் சேர்ந்து எச்2ஐப் பார்க்கின்றன.

யானையை வெட்டினால் என்ன? 14. குதிரை xஎஃப்8, பிஷப் xஎச்2 செக் 15. ராஜா எச்1, ராணி எச்4. அடுத்து பிஷப் ஜி3க்கு விலகினால் ராணியின் செக் திறக்கும், ராஜா ஜி1க்குப் போனால் எச்2இல் மேட். இந்த இடத்தில் எவருக்கும் உடனே தோன்றும் தற்காப்பு ஜி3. அது சட்டப்படி ஆடவே முடியாத நகர்வு! ஜி2 சிப்பாய் நகர்ந்தால் எச்1இல் இருக்கும் ராஜா பி7 பிஷப்பின் பார்வையில் விழுந்துவிடும். இரண்டு நகர்வுக்கு முன்வரை சி6 சிப்பாய்க்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்த பிஷப், பலகையின் மறுமூலையில் இருக்கும் ஒரு சிப்பாயைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஆகவே 14. எஃப்4. டி6 பிஷப்புக்கும் எச்2க்கும் நடுவே சுவர். வேறு உருப்படியான பதில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் எஃப்2 காலியானதும் ஏ7 – ஜி1 மூலைவிட்டம் பலவீனமாகிறது, அதாவது இன்னொரு பிஷப்புக்கு வேலை தயார். 14... சிxடி4 15. இxடி4, பிஷப் சி5!

டி6இல் வழி அடைபட்ட பிஷப், சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் வந்து உட்காருகிறது. வெட்டினால் குதிரை சி5இல் திருப்பி வெட்டும். அப்போது டி3 பிஷப்பை கறுப்பு ராணியும் குதிரையும் சேர்ந்து தாக்கும், டி4இல் ராணி செக்கும் காத்திருக்கும். வெட்டாவிட்டால் டி4 சிப்பாய் கட்டுண்டு கிடக்கிறது, அதை நகர்த்தினால் ஜி1 ராஜாவுக்கு செக். சி5 பிஷப்பை வெட்டுவது ஒன்றுதான் அதற்கு அனுமதி. இரண்டு பிஷப்புகளும் இப்போது பக்கத்துப் பக்கத்து மூலைவிட்டங்களில், ஒன்று ஜி2ஐயும் மற்றொன்று ஜி1ஐயும் பார்த்தபடி நிற்கின்றன.

16. பிஷப் இ2. ஜி4 குதிரையைத் துரத்துகிறார் அரோனியன். துரத்துவது நியாயம்தான். தாக்குதலின் முன்னணிக் காய் அதுதான், அது போய்விட்டால் மிச்சமெல்லாம் கலைந்துவிடும்.

16... குதிரை டிஇ5! டி7 குதிரை இ5க்கு.

பலகையை இந்த இடத்தில் நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். எஃப்8 யானையை எச்7 குதிரை வெட்டலாம். சி5 பிஷப்பை டி4 சிப்பாய் வெட்டலாம். ஜி4 குதிரையை இ2 பிஷப் வெட்டலாம். புதிதாக வந்த இ5 குதிரையை எஃப்4 சிப்பாய் வெட்டலாம். டி4 சிப்பாயும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் மேலே சொன்ன கட்டினால் அதற்கு இ5 பக்கம் திரும்ப முடியாது.

எஃப்4 சிப்பாய் வெட்டினால்: 17. எஃப்xஇ5, ராணி xடி4 செக் 18. ராஜா எச்1, ராணி ஜி1 செக்! ராஜா அந்த ராணியை எடுக்க முடியாது, சி5 பிஷப் காவல். யானை எடுக்க வேண்டும்: 19. யானை xஜி1, குதிரை எஃப்2 மேட். ராஜாவைச் சுற்றி ஜி1இல் சொந்த யானை, ஜி2இலும் எச்2இலும் சொந்தச் சிப்பாய்கள். சி2 ராணியாவது எஃப்2 குதிரையை எடுக்கலாமே என்றால், நடுவில் குறுக்கே நிற்பது யார்? குதிரையைத் துரத்த இ2க்கு வந்த பிஷப். பதினாறாவது நகர்வே மேட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

சி5 பிஷப்பை வெட்டினாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். டி4இல் ராணி செக், ராஜா எச்1, குதிரை எஃப்2 செக். ராஜா ஜி1க்குத் திரும்பினால் குதிரை எச்3இல் இரட்டை செக், ராஜா மறுபடி எச்1, ராணி ஜி1இல் பலி, யானை எடுத்ததும் இன்னொரு குதிரை தேவையில்லாமல் அதே குதிரை எஃப்2இல் மேட். யானையைக் கொடுத்து எஃப்2 குதிரையை எடுத்தால் ராணி அங்கே வந்து ஜி2ஐக் குறிவைக்கும். காவலுக்கு பின்னால் யார் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை.

அரோனியன் மிச்சமிருந்ததில் நல்லதையே எடுத்தார். 17. பிஷப் xஜி4, பிஷப் xடி4 செக் 18. ராஜா எச்1, குதிரை xஜி4. இப்போதுதான், 13ஆவது நகர்விலிருந்து வெட்டுக்கு நின்ற யானையை ஒருவழியாக 19. குதிரை xஎஃப்8 என்று எடுக்கிறார். இடையில் கறுப்பு ஆடியவை ஆறு நகர்வுகள். அதில் ஒன்றைக்கூட அந்த யானையைக் காப்பாற்றச் செலவழிக்கவில்லை.

கறுப்பு இப்போது ஒரு முழு யானை குறைவு. ராணியை எச்4க்குக் கொண்டுபோனால் எச்2இல் மேட் என்று கை பரபரக்கும். அங்கேதான் குழி. 19... ராணி எச்4 என்றால் 20. ராணி எச்7 செக், ராணிகள் மாறிவிடும், தாக்குதல் முடிந்தது.

ஆனந்த் ஆடியது 19... எஃப்5.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகப் பிடித்த நகர்வு இதுதான், குதிரைப் பலிகளைவிட. சத்தமே இல்லாத ஒரு சிப்பாய் நகர்வு. சி2இலிருந்து எச்7க்குப் போகும் ராணியின் பாதையை மறிக்கிறது, ஜி4 குதிரைக்குக் காவல் கொடுக்கிறது, எச்4 மிரட்டலை இப்போது நிஜமாக்குகிறது. எஃப்8 குதிரையை உடனே எடுக்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை, அது எங்கே ஓடப்போகிறது?

20. குதிரை ஜி6 என்று ஓடியது, எச்4க்குக் காவலாக. 20... ராணி எஃப்6 21. எச்3, ராணி xஜி6. எச்3 சிப்பாய் ஜி4 குதிரையை வெட்டினால் ராணி எச்6இல் செக், அதுவே மேட். ஜி1 கட்டத்தை டி4 பிஷப் அடைத்து வைத்திருக்கிறது. 22. ராணி இ2, ராணி எச்5. இப்போதைய மிரட்டல் எச்3இல் நேராக வெட்டுவது. ஜி2 சிப்பாய் திருப்பி வெட்டக் கூடாதா? கூடாது. பதின்மூன்றாவது நகர்வில் கற்பனையில் மட்டும் இருந்த அதே கட்டு இப்போது பலகையிலேயே இருக்கிறது. 23. ராணி டி3, மூன்றாவது வரிசை வழியாக எச்3ஐக் காக்கிறது. 23... பிஷப் இ3! அந்த வரிசையையும் குறுக்கே அறுத்தாயிற்று. பிஷப் வெட்டினால் எச்3இல் ராணி செக், ராஜா ஜி1, ஜி2இல் மேட். ராணி வெட்டினால் குதிரை ராணியை எடுக்கும். அரோனியன் இங்கே விலகினார்.

இறுதி நிலையில் காய்களை எண்ணினால் கொஞ்சம் வியப்பாக இருக்கும். இவ்வளவு வெட்டுக்குத்துக்குப் பிறகும் கறுப்பு கொடுத்திருப்பது ஒரு பிஷப்புக்குப் பதில் ஒரு யானை, அவ்வளவுதான். சிப்பாய்கள் ஐந்துக்கு ஐந்து. வெள்ளையின் ஏ1 யானையும் சி1 பிஷப்பும் ஆட்டம் முழுக்க ஒரு முறைகூட நகரவில்லை. வெள்ளை ஆடிய 23 நகர்வுகளில் ஐந்து ஒரே குதிரையுடையவை, இன்னும் ஐந்து ஒரே பிஷப்புடையவை. கடைசியில் அந்த இரண்டு காய்களுமே பலகையில் இல்லை. கறுப்பின் பி7 பிஷப்பும் சி8 யானையும் நகராமல் இருந்தன என்றாலும், அவை ஏற்கெனவே போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டவை. அந்த வித்தியாசம்தான் மெரான் கறுப்புக்குக் கொடுக்க வேண்டியது.

சரி, இவ்வளவையும் பலகையின் முன் உட்கார்ந்தே கண்டுபிடித்தாரா? இல்லை. முந்தைய ஆண்டு மே மாதம் மாஸ்கோவில் போரிஸ் கெல்ஃபாண்டுடன் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கான தயாரிப்பிலிருந்து வந்த யோசனை இது என்று ஆட்டத்துக்குப் பிறகு தெரியவந்தது. அந்த மோதலில் 12 ஆட்டங்களில் 10 சமன், ஆளுக்கு ஒரு வெற்றி, கடைசியில் ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்களில்தான் ஆனந்த் பட்டத்தைத் தக்கவைத்தார். ‘ஆனந்த் மழுங்கிவிட்டார்’ என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. கெல்ஃபாண்டுக்காகத் தீட்டிவைத்த ஆயுதம் அங்கே பயன்படாமல், எட்டு மாதம் கழித்து அரோனியன் மேல் பாய்ந்தது. வீட்டில் தயாரித்தது என்பதால் இதன் மதிப்பு குறையும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சி5 வீட்டில் பிறந்திருக்கலாம். ஆனால் எதிராளி எந்த வரிசையில் விழுவார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது.

இனி ரூபின்ஸ்டீன். 1907இல் லோட்ஸ் நகரில் அவர் கறுப்பில் கெர்ஷ் ரோட்லெவிக்கு எதிராக ஆடிய ஆட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு மேலே உள்ள நிலை எங்கோ பார்த்ததுபோல் இருந்திருக்கும். ஒரு பிஷப் பி7இல், மற்றொன்று ஏ7 – ஜி1 மூலைவிட்டத்தில், குதிரை ஜி4இல், வெள்ளைச் சிப்பாய் எஃப்4க்குப் போயிருக்கிறது, ராஜா எச்1இல் மூலைக்கு ஒதுங்கியிருக்கிறது. அமைப்பு அச்சு அசல் அதே. ஆனால் அங்கே வேலையை முடித்தவை யானைகள். ரூபின்ஸ்டீன் சி3இல் யானையைக் கொடுத்து, ராணியையும் எச்4இல் வெட்டவிட்டு, மற்றொரு யானையை டி2க்குள் நுழைத்து 25 நகர்வில் முடித்தார். ஆனந்தின் ஆட்டத்தில் ஒரு யானை சி8ஐ விட்டு நகரவில்லை, மற்றொன்று எஃப்8இலேயே வெட்டுப்பட்டது. ரூபின்ஸ்டீனின் பழைய தாக்குதலும் ரூபின்ஸ்டீனே புகழாக்கிய ஓப்பனிங்கும் ஒரே ஆட்டத்தில் சந்தித்தது தற்செயலாக எனக்குப் படவில்லை. இரண்டுக்கும் பொது ஒன்று உண்டு: பி5ஐத் தள்ளி, பி7இல் பிஷப்பை வைத்து, மையத்தைத் திறக்கத் தக்க நேரம் பார்ப்பது.

வெள்ளையின் பிழை எங்கே? 16ஆவது நகர்வில் தேடுபவர்கள் உண்டு. நான் அதைவிட முன்னால் போவேன். ராணிப் பக்கத்தில் இரண்டு காய்கள் வீட்டில் தூங்கும்போது, சி வரிசையில் தன் குதிரையும் ராணியும் எதிராளி யானைக்கு நேராக நிற்கும்போது, ஒரு சிப்பாய்க்காக குதிரையை எச்7க்கு அனுப்பியதுதான். அங்கே போன குதிரை திரும்பி வருவதற்கு எஃப்8ஐத் தவிர வசதியான வழி இல்லை, எஃப்8க்குப் போக ஒரு நகர்வு வேண்டும், அந்த ஒரு நகர்வை கறுப்பு ஐந்து முறை ஒத்திப்போட வைத்தது.

அந்தப் போட்டியை 13 ஆட்டங்களில் 10 புள்ளிகளோடு மாக்னஸ் கார்ல்சன் வென்றார். அரோனியன் தோல்வியிலிருந்து எழுந்து 8.5 புள்ளிகளோடு இரண்டாவது இடம் பிடித்தார், ஆனந்துக்கு அரைப் புள்ளி மேலே.